அண்ணனை எதிர்த்து நின்ற கன்னியம்மா

கடம்பத்தூரில் என் தம்பி புது வீடு கட்டிக் குடி போனான். பால் காய்ச்சி முடித்து, பந்தி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். எங்கள் ஊர் மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து கடம்பத்தூர் வரவேண்டுமென்றால் பட்டணம் போய் வண்டி மாறி வரவேண்டும். கூப்பிட்டபோது வேலை இருக்கிறது என்று சொன்னவன் அவ்வளவு தூரம் வந்து நிற்கிறானே என்று எனக்குச் சுருக்கென்றது. "இன்னாடா?" என்றேன். "சாப்ட்டு முடிங்க அண்ணி, அப்புறம் சொல்றேன்" என்றான். அப்படி ஒரு வார்த்தை சொன்ன பிறகு யாருக்குச் சோறு இறங்கும்? தோளைப் பிடித்து உலுக்கின பிறகு சொன்னான்.

"கன்னிம்மாக்கா போய்ட்ச்சி அண்ணி. காலீல எருமைய கறந்துட்டு வந்து உக்காந்துச்சாம். அப்டியே சாஞ்சிட்ச்சி."

ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கடைக்குப் போனால்கூடச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "சரோ, போய்ட்டு வரேண்டி" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறவள் அவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர்தான். நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பிவிட்டாள்.

மாதர் சங்கத்தில் அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ பெரிய மனுஷியைப் பற்றி எழுதுவது போல இருந்தது, அடித்துவிட்டேன். நம் அக்காவை நாம் எப்படிப் பேசுவோமோ அப்படியே எழுதினால் அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அப்போது பஞ்சாயத்து ரூமில் ஒரு ரேடியோ வந்திருந்தது. சாயங்காலமானால் ஆண்கள் உள்ளே ரேடியோ முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் நின்று, பாதி பாட்டையும் பாதி கொரகொரப்பையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். எங்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. ஒரு நாள் கன்னியம்மா அக்கா நேரே உள்ளே போனாள். முன் வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே இருந்த சந்தில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னாம்மா இது?" என்றார் ஒருவர். "இன்னாவா? ஊட்டு வரி என் பேர்ல வருது, நான் கட்றேன். இந்த ரேடியோவுல ஒரு திருகாணியாச்சும் என்துதானே? அது எதுன்னு பாக்க வந்தேன்" என்றாள். மறுநாள் நான் போனேன். அதற்கு மறுநாள் என் மாமியாரே போனார். ஒரு மாதத்துக்குள் ஆண்கள் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். உள்ளே இடமில்லை.

அவள் இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் அத்தை மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தெற்குத் தெருவில் பிறந்த வீடு, வடக்குத் தெருவில் புகுந்த வீடு. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவர் அவள் அண்ணன் ரங்கநாதன். எண்ணெய் வழிய வழிய இறுக்கிப் பின்னிவிடுவாராம். "கண்ணு ரெண்டும் காதுகிட்ட போயிடும்டி" என்று சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமாகி, மகள் மல்லிகா பிறந்த பிறகும், அண்ணன் வீட்டில் குழம்பு கொதித்தால் ஒரு கிண்ணம் வடக்குத் தெருவுக்கு வந்துவிடும். அப்படி இருந்த உறவு அது. இதைச் சொல்லாமல் இனி வருவதைச் சொன்னால் அவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தல் எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஊர் ஆண்கள் அம்மன் கோயில் வாசலில் கூடுவார்கள். தலைவர் பதவியை ஏலம் விடுவார்கள். கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர்தான் தலைவர். வேறு யாரும் மனு போடக்கூடாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். ஆகவே ஓட்டுப்பெட்டி ஊருக்குள் வராது. இதற்கு ஒற்றுமை என்று பெயர். எங்கள் ஊரில் சண்டை கிடையாது, போட்டி கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வார்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்த ஏலத்தில் ஒரு ரைஸ்மில் முதலாளி தலைவரானார். கோயிலுக்குச் சுற்றுச்சுவர் வந்தது, குறை சொல்லக்கூடாது. ஆனால் காலனியில் குடிதண்ணீர் இல்லை. கோடை வந்தால் அங்கிருக்கும் பெண்கள் வறண்ட ஏரிக்குள் ஊற்று தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவார்கள். அவர்களுக்கு ஒரு கைபம்பு போட்டுத் தரச்சொல்லி மாதர் சங்கத்திலிருந்து நாங்கள் சிலர் அவரிடம் போனோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நான் சாமிக்கே குடுத்துட்டேம்மா. உங்களுக்கு இன்னா பாக்கி வச்சிக்கீறேன்?"

திரும்பி வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா சொன்னாள். "அந்தாளு சொல்றது நாயம்தாண்டி. கடைல காசு குடுத்து கத்திரிக்கா வாங்கினவன் கத்திரிக்காகிட்ட இன்னாத்துக்கு பதில் சொல்லணும்?"

அடுத்த தேர்தல் எழுபதுகள் பிறக்கிற சமயத்தில் வந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் வரப்போகின்றன, ஊருக்கு நல்ல காலம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். தலைவர் பதவிக்கு மவுசு கூடியிருந்தது. ஏலம் வெகுநேரம் நடந்தது. எடுத்தவர் ரங்கநாதன். தெற்குத் தெருவில் அன்று சரவெடி வெடித்தார்கள். அக்காவும் போய் அண்ணன் வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். மறுநாள் காலையில் கையில் சாணியோடு சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"சரோ, நான் மனு போடப் போறேன். நீதான் என்னை முன்மொழியணும்."

"ரங்கண்ணன் நல்லவராச்சேக்கா. அந்த ரைஸ்மில்காரரா இவரு?" என்றேன்.

"நல்லவன்தான். என்னை விட யாருக்குத் தெரியும்? ஆனா வெலைக்கு வாங்கினா நல்லவனும் பாக்கி இல்லன்னுதான் சொல்லுவான். அவனை அப்டி ஆவ விடமாட்டேன். ஓட்டு வாங்கி வரட்டும். வாங்கினா எல்லாருக்கும் பதில் சொல்லணும், இல்ல?"

"அதுக்கு நீ ஏன்? வேற யாராச்சும் நிக்கட்டுமே."

"யாரோ செய்வாங்கன்னு விட்டா, யாரோ வந்து நமக்குச் சேத்து செய்ஞ்சிட்டுப் போயிடுவான். அப்பால அழக்கூடாது."

இந்த வார்த்தையை உங்களில் பலரும் அவள் வாயால் கேட்டிருப்பீர்கள். நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான். என் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம் இருந்தது. ஆனாலும் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். யூனியன் ஆபீசில் மனு வாங்கினவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். "ஊட்டுக்காரரு வரலியாம்மா?" "அவரு நிக்கலீங்க. நான்தான் நிக்கிறேன்" என்றாள் அக்கா. அவர் சிரித்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. அக்காவைக் கோயில் வாசலுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். அந்த வாசலில் ஒரு பெண்ணைப் பேசக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஊரே கற்பூரம் அணச்சி சத்தியம் பண்ணிக்கீது. நீ எப்டிம்மா மீறலாம்? சாமிக் குத்தம் ஆவாது?" என்று கேட்டார்கள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"யாரு பண்ணாங்க சத்தியம்? எங்க தெருவுல ஒரு பொம்பளையயாச்சும் கூப்ட்டீங்களா? காலனில ஒருத்தரயாச்சும் கூப்ட்டீங்களா? கூப்டாதவங்களை சத்தியம் எப்டிங்க கட்டும்?"

அத்தனை வருஷமாக அத்தனை பேர் சத்தியம் செய்திருக்கிறார்கள், ஊரில் பாதிப் பேரைக் கூப்பிடவில்லை என்பது ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. கடைசியில் ஒரு கிழவர், "அட்த்த வாட்டி பொம்பளைங்களையும் கூப்ட்டு சத்தியம் வாங்கணும்டா" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. ரங்கநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் நேரே தங்கை வீட்டுக்கு வந்தார். மல்லிகா அப்போதுதான் வயசுக்கு வந்திருந்தாள், தை மாதத்தில் சடங்கு வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு ஏது? அவர் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வாபஸ் வாங்கு கன்னிம்மா. ஊர் முன்னால என்னை அசிங்கப்படுத்தாத. வாங்கலன்னா மல்லிகா சடங்குக்கு மாமன் வரமாட்டான். இனிமே இந்த ஊட்டு வாசலை மிதிக்கமாட்டேன்."

அவர் போன பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான். "வாபஸ் வாங்கிடுக்கா, போவட்டும்" என்றேன், மனதாரத்தான் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவன் அண்ணன், அத்த யாரு ஏலம் எடுக்க முடியும்? தலைவர் வேலை ஊருதுடி. அத்த எங்க ஊட்டு சீர்வரிசைல வச்சி குடுக்க எனக்கு இன்னா உரிமை கீது?" என்றாள். வாபஸ் வாங்கும் நாள் வந்தது, போனது. அவள் யூனியன் ஆபீஸ் பக்கமே போகவில்லை.

அந்த மாதம் எங்கள் தெருவிலேயே பலர் அவளிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். எருமைக்குத் தேர்தல் தெரியுமா? அது பாட்டுக்குக் கறந்தது. தயிராக்கி, மோராக்கி, வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தாள். ரங்கநாதன் முதல்முறையாக வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வந்தார். தங்கை வீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தார். அக்கா விடவில்லை. "எல்லார் ஊட்டுக்கும் போய்க்கினு கீற, இந்த ஊட்ல ஓட்டு இல்லியா?" என்று கேட்டாள். அவர் தெருவிலேயே நின்று கையைக் கூப்பினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "உங்க பொன்னான ஓட்டை..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே வரவில்லை. "என் ஓட்டு எனக்கு. எங்க ஊட்டுக்காரரு ஓட்டு அவரு இஷ்டம், அவரையே கேட்டுக்க" என்று சொல்லி ஒரு சொம்பு மோரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. உள்ளே அவள் புருஷன் இல்லாத குடையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், "அது ரகசியம்னு சட்டமே சொல்லுதும்மா" என்பார்.

அங்கிருந்து ரங்கநாதன் காலனிக்குப் போனார். போட்டி இல்லாவிட்டால் அவர் கால் அந்தப் பக்கம் போயிருக்குமா என்பது சந்தேகம்தான். அங்கே ஒரு கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டு போடுறோம் நைனா, பம்பு எப்ப போடுவ?" என்று கேட்டாளாம். எல்லார் முன்னாலும் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பெட்டி வைத்தார்கள். பெண்கள் வரிசை பெருமாள் கோயில் வரை நீண்டது. அதற்கு முன் பெரிய தேர்தல்களில் ஓட்டுப் போட்டிருக்கிறோம். ஆனால் யாரென்றே தெரியாத வேட்பாளருக்குப் போடுவதும், தினம் முகம் பார்க்கிற இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றா? மை வைத்த விரலை எல்லோரும் நாள் முழுக்க ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தோம்.

கன்னியம்மா அக்கா தோற்றாள். மயிரிழையில் எல்லாம் இல்லை, நன்றாகவே தோற்றாள். எனக்கு நெஞ்சு ஆறவில்லை. அவளோ குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா இது, ஜெயிச்சவ மாதிரி கீற?" என்றேன். "இப்பதாண்டி எங்கண்ணன் தலைவரு. இன்னியிலேர்ந்து நான் அவனைக் கேள்வி கேக்கலாம்" என்றாள்.

தை மாதம் மல்லிகாவுக்குச் சடங்கு நடந்தது. மாமன் வரவில்லை. நல்ல நேரம் முடிகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். "தோ வந்துடுவான், கொஞ்சம் இருங்க" என்று அக்கா தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ராகுகாலம் பிறக்கும் வரை நின்றாள். கடைசியில் வேறு ஒருவரை மாமன் முறையில் நிற்கச் சொன்னபோது, "வாணாம். மாமன் உயிரோட கீறான். அவன் இடம் அப்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். மாமன் சீர் இல்லாமலே குழந்தைக்கு நலங்கு வைத்தோம். ஜனநாயகம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அதற்கு என்ன விலை என்று சொல்வதில்லை. நான் அன்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அடுத்த தேர்தல் தள்ளிக்கொண்டே போனது, ரங்கநாதனே தலைவராக நீடித்தார். அண்ணனும் தங்கையும் அந்த வருஷங்களில் ஒரே ஓர் இடத்தில்தான் பேசிக்கொண்டார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில். மாதாமாதம் அவள் போய் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து, "தலைவரே, காலனி பம்பு இன்னா ஆச்சுங்க?" என்பாள். "ஏற்பாடு நடந்துக்கினு கீதும்மா" என்பார் அவர், வேறெங்கோ பார்த்தபடி. தலை பின்னிவிட்ட அண்ணனை 'தலைவரே' என்பதும், கூடப் பிறந்தவளை 'அம்மா' என்பதும் கேட்க எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், வருத்தமாகவும் இருக்கும். பம்பு வந்தது. முதல் குடத்தை அந்தக் கிழவிதான் பிடித்தாள். ரங்கநாதன் அடித்துக்கொடுத்தார், அக்கா கூட்டத்தில் நின்று பார்த்தாள்.

பம்பு வந்த பிறகும் அவள் விடவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்பாள். ஏரி மதகில் பலகை உடைந்திருக்கிறது என்பாள். ஒரு முறை ஆலமரத்தில் தேன்கூடு கட்டியிருக்கிறது, பிள்ளைகள் கல்லடிக்கிறார்கள் என்றாள். அந்தக் கேள்விகளில் எத்தனை ஊருக்காக, எத்தனை அண்ணன் குரலைக் கேட்பதற்காக என்று எனக்கு நிச்சயமில்லை. எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொல்வார். ஒரு மாதம் அவருக்குக் காய்ச்சல். கம்பளி போர்த்திக்கொண்டு, கம்மிய குரலில் கூட்டம் நடத்தினார். அக்கா எழுந்தாள். "தலைவரு ஒடம்பைப் பாத்துக்கணும், கொஞ்ச நாளைக்கி கஞ்சிதான் குடிக்கணும். இத்த மெம்பருங்க தீர்மானமா போடணும்" என்றாள். கிளார்க் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதுவதா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தார். ரங்கநாதன் கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "எழுதிக்கய்யா" என்றார். அப்போதாவது அவர் அவள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கலாம். சொன்ன சொல்லை விட அவருக்கு மனம் வரவில்லை.

நான் கடம்பத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தெரு கொள்ளாத கூட்டம். காலனிப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டும், அதற்காகக் காத்திருந்தார்கள். அண்ணன் வருவாரா என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ரங்கநாதன் தெற்குத் தெருவிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்தார், கையில் கோடிச் சேலை. பெண்கள் விலகி வழிவிட்டோம். சேலையைப் பிரித்து அவளுக்குப் போர்த்தினார். பிறகு அவள் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒப்பாரி வைத்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"இன்னாம்மா, இன்னிக்கி ஒண்ணும் கேக்கமாட்டியா?" என்றார். "கேளும்மா. எதனா கேளு. தலைவர் வந்துக்கீறேன், பதில் சொல்றேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஒரு வாசற்படியைத் தாண்டத் தெரியாமல் இருந்த அந்த மனிதர் மேல் எனக்கிருந்த ஆத்திரமெல்லாம் அந்த அழுகையோடு போய்விட்டது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பொருளாக ஒன்றும் இல்லை. எருமையை மல்லிகா ஓட்டிக்கொண்டு போனாள், சேலைகளை உறவுக்காரர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். கூப்பிடாத இடத்துக்கும் நம் இடம் அது என்று போய் உட்காரலாம் என்பது ஒன்றுதான் என்னிடம் தங்கியது. பழகிக்கொள்ள முயல்கிறேன்.

இந்த மாதம் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போனேன். வரவு செலவு படித்து முடித்தார்கள். மெம்பர்கள் எழுந்து துண்டை உதறினார்கள். ரங்கநாதன் மட்டும் எழவில்லை. பெண்கள் உட்காரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருனா எதனா கேக்கணுமா?" என்றார். மறுபடியும் கேட்டார். எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் தயாராக இல்லை.

"தலைவரே" என்று எழுந்தேன்.